ஒரு பெயருக்கு ஒரு பக்கம்

பல வருடங்களாக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பெலே இல்லை, மெஸ்ஸி இல்லை. அவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள நோட்டு எதற்கு? சாதனைப் பட்டியலில் ஒரே ஒரு வரியாக மிஞ்சிப்போன கால்பந்து வீரர்களுக்கானது அது. நீங்களும் ஒன்று தொடங்குவதாக இருந்தால், நான் எழுதும் விதத்தைச் சொல்கிறேன்.

எண்ணிலிருந்து தொடங்காதீர்கள், ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். 'ஒரே உலகக் கோப்பை ஆட்டத்தில் 5 கோல், ஓலெக் சலென்கோ' என்று மட்டும் எழுதினால், ஒரே மாதத்தில் பெயர் போய் 5 மட்டும் நிற்கும். நான் இப்படி எழுதினேன்: 1994 ஜூன் 28, ரஷ்யா 6, கேமரூன் 1. அந்த ஒரு கோலைப் போட்டவர் 42 வயது ரோஜர் மில்லா. உலகக் கோப்பையில் கோல் போட்ட மிக மூத்த ஆட்டக்காரர் அவர்தான். மில்லாவைப் பலருக்கும் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனால் எதிர் அணியில் சலென்கோ நிற்பார். தெரிந்த பெயரோடு தெரியாத பெயரை முடிச்சுப் போடுவது எனக்கு எப்போதும் பலித்திருக்கிறது.

அப்புறம், அந்த அணி அடுத்து என்ன ஆனது என்று ஒரு வரி. ஹங்கேரியின் லாஸ்லோ கிஷ் 1982இல் எல் சால்வடாருக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி 69, 72, 76ஆம் நிமிடங்களில் கோல் போட்டார். ஆண்கள் உலகக் கோப்பையில் வெளியே உட்கார்ந்திருந்து வந்து ஹாட்ரிக் எடுத்தவர் வேறு யாரும் இல்லை. ஆட்டம் 10–1. ஆனால் ஹங்கேரி முதல் சுற்றோடு வெளியேறியது. சலென்கோவின் ரஷ்யாவும் அப்படித்தான். அணி சீக்கிரம் ஊருக்குக் கிளம்பிவிட்டால் ஆட்டக்காரனின் பெயரும் கூடவே கிளம்பிவிடுகிறது. அந்த வரியை எழுதும்போதுதான் இவர்களை ஏன் மறந்தோம் என்று புரியும்.

பென்சிலில் எழுதுங்கள். உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே, 1930 ஜூலை 19 என்று நான் பேனாவில் எழுதி வைத்திருந்தேன். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே அமெரிக்காவின் பெர்ட் பட்டனோட் பராகுவேக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். அவற்றில் ஒன்று சக வீரர் டாம் ஃப்ளோரியின் கணக்கில் போயிருந்தது. ஃபிஃபா அதைத் திருத்தியது 2006இல். பட்டனோட் இறந்தது 1974இல். 32 வருடம் தாமதம். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பேனா வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்திலேயே அவர் பெயரை எழுதினேன். யாருடைய கணக்கில், எந்த வருடம் மாறியது என்பதும் சாதனையின் பகுதிதான்.

கடைசியாக, கோல் வாங்கியவரையும் எழுதுங்கள். 2001 ஏப்ரல் 11, உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 31, அமெரிக்கன் சமோவா 0. அதில் ஆர்ச்சி தாம்ப்சன் மட்டும் 13 கோல். பட்டியல் அவரோடு முடிந்துவிடும். என் நோட்டில் பக்கம் கோல்கீப்பர் நிக்கி சலாபுவுக்கு. எழுதியபோது அடியில் நாலு வரி காலியாக விட்டிருந்தேன், எல்லாப் பக்கத்திலும் அப்படி விடுவது வழக்கம். 2011 நவம்பரில் அமெரிக்கன் சமோவா டோங்காவை 2–1 என்று வென்றது. ஃபிஃபா ஏற்ற ஆட்டங்களில் அவர்களின் முதல் வெற்றி அது. அன்றும் கோல் கம்பத்தின் நடுவே நின்றவர் சலாபுதான். காலியாக விட்ட வரிகளில் அதை எழுதினேன்.