குமரி மாவட்டத்திலிருந்து அமீரகம் வருகிறவர்களுக்கு: சாப்பாட்டுச் செலவைக் கையில் பிடிப்பது எப்படி

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாயிலோ ஷார்ஜாவிலோ வந்து இறங்குகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் முதல் இரண்டு மூன்று மாதச் சம்பளம் எங்கே போனது என்றே தெரியாது. வாடகையும் வீட்டுக்கு அனுப்பியதும் கணக்கில் நிற்கும், சாப்பாட்டுக் காசு நிற்காது, ஏனென்றால் அது ஐந்து திர்ஹமும் பத்து திர்ஹமுமாகப் போகிறது. ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட்டால்தான் காசு மிஞ்சும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் பெட்டி. அரிசியும் பருப்பும் கொண்டுவந்து எடையை வீணாக்க வேண்டாம், அதெல்லாம் இங்கே எல்லா இடத்திலும் கிடைக்கும். மில்லில் திரித்த மல்லிப் பொடி, வத்தல் பொடி, நல்லமிளகு, கிராம்பு, குடம்புளி, கருப்பட்டி, இதுதான் கொண்டுவர வேண்டியது. எடை குறைவு, மாதக்கணக்கில் வரும், இங்கே வாங்கினால் சின்னப் பாக்கெட்டுக்குப் பெரிய விலை. கொப்பரையை வைக்காதீர்கள், எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அப்புறம் கசகசா. அதை அம்மா ஆசையாகப் பொட்டலம் கட்டித் தந்தாலும் வாங்காதீர்கள், குருமாப் பொடியில் சேர்த்துத் திரித்திருந்தாலும் வேண்டாம். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் வருகிறது, பிடிபட்டால் வழக்குதான். வீட்டில் பெட்டி கட்டுகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வந்ததும் கண்ணில் படுவது கட்டடத்துக்குக் கீழே உள்ள பக்காலா, அதாவது சின்ன மளிகைக் கடை. கடைக்காரர் பெரும்பாலும் மலையாளி, நமக்கு மலையாளம் வரும், போன் செய்தால் கதவுக்கே கொண்டுவந்து தருவார், பற்று நோட்டிலும் எழுதிக்கொள்வார். நல்ல மனிதர்கள், அவசரத்துக்கு அவர்கள்தான் துணை. ஆனால் அந்த நோட்டை மாதக் கடைசியில் ஒருமுறை வாங்கி வாசித்துப் பாருங்கள்: தயிர், முட்டை ஆறு, பிரெட், தண்ணீர், மறுபடி தயிர், தக்காளி அரைக் கிலோ, பெப்சி, மறுபடி முட்டை ஆறு. இதில் பாதியை வாரம் ஒருமுறை லுலு, நெஸ்டோ மாதிரிப் பெரிய கடையில் மொத்தமாக வாங்கியிருந்தால் கணிசமாகக் குறைந்திருக்கும். முப்பது முட்டைத் தட்டை நான்கு பேர் வாங்கினால் வீணாகவே போகாது. வாரச் சலுகைத் தாள் அவர்களின் செயலியிலேயே வரும், அதைப் பார்த்துவிட்டு அந்த வாரச் சமையலை முடிவு செய்யுங்கள். பையும் கையோடு எடுத்துப் போங்கள், கடையில் வாங்கினால் அதற்கும் காசு. அலமாரியில் போட்ட விலையில் 5 சதவீத வாட் சேர்ந்தே இருக்கும், பில்லில் அதைவிடக் கூடுதலாக வந்தால் நின்று கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அரிசி, வெங்காயம் இரண்டும் இந்தியாவில் எடுக்கிற முடிவோடு ஆடும். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது, 2024 மே மாதம்தான் திரும்ப விட்டது. 2023 ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். இப்படிச் சமயத்தில் இந்திய வெங்காயம்தான் வேண்டும் என்று நிற்காமல் பாகிஸ்தான், எகிப்து வெங்காயத்துக்கு மாறிவிடுங்கள், குழம்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. தக்காளி, வெள்ளரி, கத்தரி குளிர்காலத்தில் இங்கேயே விளைகிறது, அப்போது மலிவு.

தேங்காய்தான் நமக்குப் பெரிய செலவு. அவியல், துவரன், தீயல், மீன்குழம்பு என்று எதை எடுத்தாலும் அரைத்துவிட வேண்டும், ஏத்தாமொழித் தேங்காய் தின்று வளர்ந்த நாக்கு. சலுகையில் போடும்போது ஏழெட்டு வாங்கி, ஒரே நாளில் உடைத்துத் துருவி, ஒரு குழம்புக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் இளகும், வேண்டியதை உடைத்தும் எடுக்கலாம். உருண்டையாக வைத்தால் பாதிக்காக முழுவதையும் இளக்கி, மிச்சத்தைக் கொட்ட வேண்டிவரும். தீயலுக்கு மட்டும் கடையில் விற்கும் காய்ந்த தேங்காய்த் துருவலே போதும், எப்படியும் வறுக்கத்தானே போகிறோம்.

மீனில் நாம் மற்றவர்களைவிடக் கெட்டி. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் வாங்கிப் பழகிய கண்ணை இங்கேயும் திறந்து வையுங்கள். ஷார்ஜாவில் சூக் அல் ஜுபைல், துபாயில் தேராப் பக்கம் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட், இரண்டிலும் பேரம் பேசலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பு மங்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஷேரி என்று அடுக்கியிருப்பது நம்ம விளமீன், கனாத் என்றால் நெய்மீன். மாதக் கடைசியில் சாளையும் அயிலையும் போதும், விலையும் குறைவு, நம் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான மீனும் கிடையாது. நம்ம மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம் போல ஓமானில் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை நெய்மீன் பிடிக்கத் தடை, அங்கிருந்து இங்கே வருவதும் குறையும், அந்த நாட்களில் அதன் பக்கமே போக வேண்டாம். மீன் வெட்டித் தரத் தனிக் கூலி உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்து வாங்கினால் அந்தக் கூலியும் டாக்சிக் காசும் நான்காகப் பிரியும்.

கடைசியாக மெஸ். பெட் ஸ்பேஸில், அதாவது ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டிலை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறவர்கள் தனித்தனிச் சட்டி வைத்துச் சமைத்தால் என்ன செய்தாலும் செலவு குறையாது. அறையில் உள்ளவர்கள் மாதம் முதல் தேதியே ஒரு தொகையைப் போட்டு ஒருவரிடம் கொடுங்கள், அவர் பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும், அடுத்த மாதம் பொறுப்பு இன்னொருவருக்கு. சிகரெட், குளிர்பானம், பிஸ்கட் பொதுக் கணக்கில் வரவே கூடாது, முதல் சண்டை அதில்தான் வரும். ஊருக்கு விடுமுறையில் போகிறவருக்கு அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள். வயதில் மூத்த அண்ணன் யாராவது அறையில் இருந்தால், எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய் என்று முதல் மாதம் அவர் சொல்கிற அளவிலேயே வாங்குங்கள்.