ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்? மோல்மேன் சாலையில் ஈ-பைக் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

பர்மாவில், இந்த மோல்மேன் நகரில், பெட்ரோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் நம் தமிழ் ஆட்களில் நிறையப் பேர் பேட்டரியில் ஓடும் ஈ-பைக்குக்கு மாறிவிட்டார்கள். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டிப் பார்க்காத பிள்ளைகளும், கடைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று நினைக்கிற அம்மாமார்களும் நேராக இதில் ஏறுகிறார்கள். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, உதைத்துக் கிளப்பும் வேலையும் இல்லை. அரை மணி நேரத்தில் யாரும் ஓட்டிவிடலாம். ஆனால் மற்ற வண்டிகளுக்கு நடுவே ஓட்ட அந்த அரை மணி நேரம் போதாது.

பர்மாவின் சாலைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1970 டிசம்பர் 6 அன்று இந்த நாடு இடப்பக்கம் ஓட்டுவதை விட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். அங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். நாமோ சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆக, ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்காராமல் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நம் வண்டியோ சத்தமே போடாது. அவர் பார்க்கவில்லை என்றால் நாம் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. சமீப காலத்தில் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளும் கலந்து ஓடுவதால், ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும். கீழே சொல்லும் பாதி விஷயம் இதைச் சுற்றித்தான்.

படி 1: வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நடு ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாதபடி நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுங்கள். சக்கரம் சுற்றும்போது பிரேக் பிடியை லேசாக இழுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். இடது பிடி, வலது பிடி இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் சிறிய சுவிட்ச் பெரும்பாலான ஈ-பைக்கில் உண்டு. அது வேலை செய்யவில்லை என்றால் சரிபண்ணிய பிறகே தெருவுக்கு எடுங்கள்.

இந்தச் சுவிட்சை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். சந்திப்பில் நிற்கும்போது பிரேக் பிடியை விடாமல் பிடித்திருங்கள். கை தவறி ஆக்சிலரேட்டர் திரும்பினாலும் வண்டி பாயாது.

அப்புறம், இறங்குவதற்கு முன் சாவியை அணைப்பது. பெட்ரோல் வண்டி என்றால் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்கும். இது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. இறங்கி நின்று, வலது கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்பப் போனால் கை தானாகவே திருகிவிடும். வண்டி பாய்ந்து எதிர்ச்சுவரில் போய் முட்டும். முன்னால் குழந்தையை நிற்க வைத்து ஓட்டுகிற வீடுகளில் இது இன்னும் ஆபத்து. பிள்ளையின் கைக்கு முதலில் எட்டுவது அந்தப் பிடிதான்.

படி 2: காலி இடத்தில் பிரேக் பழகுங்கள்

வேகச் சுவிட்சை 1-இல் வைத்து, ஆள் இல்லாத மைதானத்தில் தொடங்குங்கள். ஓட்டுவதை விட நிறுத்துவதைத்தான் அதிகம் பழக வேண்டும். பெட்ரோல் பைக்கில் ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்ஜின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். நிறைய ஈ-பைக்கில் அந்தப் பிடிப்பு இல்லை, உருண்டுகொண்டே போகும். பேட்டரி பாரமும் சேர்ந்து தள்ளும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாகப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் சின்னச் சக்கரம் வழுக்கிவிடும்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 40-இல் 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்கப்புறம்தான் வண்டி நிற்கத் தொடங்கும். முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதை இதை வைத்துப் பாருங்கள்.

படி 3: உடை

ஹெல்மெட்டின் பட்டையை மாட்டாமல் போனால் அது தொப்பிதான். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். லோஞ்சி (பர்மியக் கைலி) கட்டி ஓட்டுகிறவர்கள் முனையை நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள், பின்சக்கரம் பக்கம் பறக்கக் கூடாது. ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். தினமும் பார்ப்பதால் அது சரியாகிவிடாது.

படி 4: சாலையில் உங்கள் இடம்

புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் சாலையின் வலது விளிம்பிலேயே ஒட்டிப் போவார்கள். குழி, மணல், நாய், கடை வாசலில் நிறுத்திய வண்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். நிறுத்திய கார்களுக்கு இடையே உள்ளே போய் வெளியே வந்து வளைந்து ஓட்டாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள்.

நிறுத்திய கார் என்றதும் கதவு ஞாபகம் வர வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் கார் சாலையின் வலது ஓரத்தில் நின்றால் ஓட்டுநர் நடைபாதைப் பக்கம் இறங்குவார், அவரால் நமக்குத் தொல்லை இல்லை. நம் பக்கம் திறக்கும் இடது கதவு பயணியுடையது. பக்கக் கண்ணாடி ஓட்டுநருக்காகத் திருப்பி வைத்தது, பயணிக்கு அதில் பின்னால் வருவது தெரியாது. போனில் பேசிக்கொண்டே கதவைத் தள்ளிவிடுவார். ஆகவே இடது இருக்கையில் தலை தெரிகிற கார், இப்போதுதான் வந்து நின்ற டாக்சி, இவற்றைக் கடக்கும்போது ஒரு கதவு முழுசாகத் திறக்கும் அளவுக்கு விலகுங்கள். விலக இடம் இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். லைன் கார் (ஆட்களை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி) நின்றால் பின்படியிலிருந்து ஆட்கள் எந்தப் பக்கமும் குதிப்பார்கள், அதற்கு விதியே கிடையாது.

படி 5: குறுக்குத் தெருவிலிருந்து வரும் கார்

உங்களுக்கு வலப்பக்கத் தெருவிலிருந்து ஒரு கார் மெயின் ரோட்டுக்கு வரப் பார்க்கிறது. நீங்கள் அதன் இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். ஓட்டுநர் வலது இருக்கையில் இருந்தால் உங்களைப் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கார்த் தூணையும் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும். அதனால் காரின் மூக்கை முதலில் வெளியே நீட்டுவார், பிறகுதான் பார்ப்பார். மூக்கு நீட்டியதும் திட்டிப் பயனில்லை. தெரு முனைகளில் கையைப் பிரேக்கில் வைத்தபடி போங்கள். ஓட்டுநரின் முகம் உங்கள் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். முகம் தெரியாவிட்டால் நீங்களும் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முந்துவதும் முந்தப்படுவதும்

தொடக்கத்தில் சைக்காவையும் (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) சைக்கிளையும் தவிர வேறு எதையும் முந்த வேண்டாம். முந்தியே ஆக வேண்டும் என்றால் இடப்பக்கமாக. அது வலப்பக்க ஸ்டியரிங் ஓட்டுநருக்குத் தூரத்துப் பக்கம், அவருக்குச் சரியாகத் தெரியாத பக்கம். ஹாரனை ஒரு முறை அடித்து, அவர் இடது கண்ணாடியில் அவருடைய முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு போங்கள். வலப்பக்க இடுக்கில் நுழைந்தால் அவர் கண்ணில் படுவீர்கள்தான், ஆனால் அவர் ஓரம் கட்டும்போது நடைபாதைக்கும் காருக்கும் நடுவே நசுங்குவீர்கள்.

எதிரே லாரி வந்தால் அதன் பின்னால் ஒரு கார் இருக்கும் என்றே எண்ணுங்கள். அந்தக் காரின் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், லாரிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே காரின் பெரும்பகுதியை உங்கள் பாதைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. லாரி, பஸ் என்றால் இடப்பக்கம் ஒரு கிளீனர் இருந்து 'போ, நில்' என்று சொல்வார். காரில் அப்படி யாரும் இல்லை. பக்கத்து ஊரான முடோன் போகும் சாலையில் இந்தக் காட்சி சகஜம். எதிரே லாரி தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து வலது பக்கம் இடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ரங்கூன் பதிவெண் போட்ட கார் என்றால் நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்குவேன். ரங்கூன் நகரின் பெரும்பகுதியில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அங்கே ஓட்டிப் பழகியவருக்கு இரு சக்கர வண்டி இடையில் வரும் பழக்கம் குறைவு என்பது என் எண்ணம்.

பேட்டரி கால் பங்குக்குக் கீழே போனபின் முந்தவே வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி காலியாக ஆக இழுவை குறையும். பாதி முந்திய நிலையில் வேகம் வராமல் போனால் நடுரோட்டில் மாட்டிக்கொள்வீர்கள். நிற்கும்போது மீட்டர் காட்டும் அளவை நம்பாதீர்கள், ஓடும்போது காட்டுவதுதான் உண்மை.

படி 7: இடப்பக்கம் திரும்புதல்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் எதிரே வரும் வரிசையை அறுத்துப் போக வேண்டும். புதியவர்கள் இரண்டு தவணையாகத் திரும்புங்கள். சந்திப்பை நேராகக் கடந்து, அந்தப் பக்கத்து வலது மூலையில் நில்லுங்கள். வண்டியை இடப்பக்கமாகத் திருப்பி வைத்து, அந்தத் தெரு வண்டிகள் கிளம்பும்போது கூடவே போங்கள். அரை நிமிடம் தாமதமாகும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

படி 8: இரவு

சார்ஜ் மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்து ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 1200 வாட்-மணி இருக்கிறது. 12 வாட் எல்இடி விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் அதில் நூற்றில் ஒரு பங்கு செலவாகும். அதற்காகவா இருட்டில் சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் போவது?

ஜப்பான் கார்களின் விளக்கும் இடப்பக்கச் சாலைக்காகவே அமைந்தது. டிப் போட்டாலும் ஒளியின் இடப்பகுதி சற்று மேலே தூக்கி அடிக்கும். ஜப்பானில் அது சாலையோரத்தைக் காட்டும். இங்கே எதிரே வரும் நம் கண்ணில் விழுகிறது. ஓட்டுநர் வேண்டுமென்றே செய்வதில்லை. விளக்கை நேராகப் பார்க்காமல் சாலையின் வலது விளிம்பைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள். கார் கடந்த பிறகும் கண் தெளிய சில நொடிகள் ஆகும், அதுவரை வேகம் கூட்டாதீர்கள்.

விடிகாலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள், வெறுங்காலோடு, சாலை ஓரமாக. நம் வண்டி வருவது அவர்களுக்குக் கேட்காது. ஹாரன் அடிப்பது மரியாதையும் இல்லை. நடை வேகத்தில், நன்றாக விலகிப் போங்கள்.

படி 9: மழை

மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. மழை ஓய்ந்த பிறகுதான் ஓட்டுவேன் என்றால் அரை வருடம் வீட்டில்தான் இருக்க வேண்டும். எனவே மழையில் ஓட்டப் பழகத்தான் வேண்டும். முன்வண்டிக்கு விடும் இடத்தை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, செம்மண் சேறு இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்கவும் சாய்க்காதீர்கள். மழைக்கோட்டின் முன்பகுதி விளக்கை மூடுகிறதா என்று ஏறியதும் பாருங்கள், பலருக்கு மூடித்தான் இருக்கும்.

தேங்கிய தண்ணீருக்கு ஒரு அளவுகோல் உண்டு. மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருக்கிறது, அதற்குப் போகும் வயர் அச்சு வழியாக நுழைகிறது. 10 அங்குலச் சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து சுமார் ஒரு சாண் உயரம். தண்ணீர் அதற்கு மேலே என்றால் வேறு தெரு பாருங்கள். ஆற்றோரத் தெருக்களில் மழையோடு கடலேற்றமும் சேரும் நேரத்தில் இது சீக்கிரம் நடக்கும். தண்ணீரைத் தாண்டி வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து உலர விடுங்கள். முதல் பிடியில் அது சரியாகப் பிடிக்காது.

சால்வீன் ஆற்றுப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளும். பெரிய லாரி பக்கத்தில் வந்தால் காற்று திடீரென்று நின்று, அது போனதும் மறுபடி அடிக்கும். பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள்.

படி 10: பின்னால் ஆள்

நீங்கள் தனியாகத் தடுமாறாமல் ஓட்டும் வரை யாரையும் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். சேலையோ தமெயினோ (பர்மியப் பெண்கள் கட்டும் கைலி) கட்டியவர் ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன் என்றால் கால் வலப்பக்கம், அதாவது சாலை ஓரத்துப் பக்கம் இருக்கட்டும். இதில் சூடான சைலன்சர் இல்லை, காலைச் சுடாது. இரண்டு பேர் ஏறினால் வண்டி நிற்க இன்னும் நீளம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 11: திங்யான் (தண்ணீர்த் திருவிழா) நாட்கள்

ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒன்றாக வருகின்றன. கோயிலுக்குப் போக வேண்டும், சாலையிலோ வாளியும் குழாயும். ஓடும் வண்டியில் இருப்பவர் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் அறைந்தால் அவருக்குக் கண்ணும் தெரியாது, பிடியும் நிற்காது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் அன்றைக்கு அதிகம். அந்த நாட்களில் ஈ-பைக்கை எடுக்காதீர்கள், நடந்தே போய் வாருங்கள். வண்டியை நிறுத்தும் முன் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். காலியாகக் கிடந்தால் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் வீணாகும். திருவிழா முடிந்து முதல் தடவை எடுக்கும்போது படி 1-இல் சொன்ன பிரேக் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், அத்தனை தண்ணீருக்குப் பிறகு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.