கருப்பியின் சிறுநீர்த் தொற்றும் கல்ச்சர் டெஸ்டும்

எங்கள் நாய் கருப்பிக்கு ஆறு வயது. வாசலில் குந்திக் குந்தி உட்காருவாள், நாலு சொட்டுதான் வரும். சிமென்ட் தரையில் காய்ந்ததும் ஓரத்தில் செம்பழுப்பு வளையம் தெரியும். மூன்று மாதத்தில் இரண்டு முறை அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். மாத்திரை இருக்கும் வரை கொஞ்சம் தணியும், நிறுத்திய பத்தாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும்.

மூன்றாவது தடவை டாக்டர் மருந்தே எழுதவில்லை. முதலில் கல்ச்சர் பார்த்துவிடலாம், அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கலாம் என்றார். நான் கிண்ணத்தில் பிடித்துப் போன சிறுநீரையும் வாங்கவில்லை. தோலிலும் முடியிலும் இருக்கும் கிருமி அதில் கலந்துவிடுமாம். ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றின் வழியாக ஊசி விட்டு சிறுநீர்ப் பையிலிருந்து நேராக எடுத்தார். தலையை என் மடியில் வைத்திருந்தாள், முனகக்கூட இல்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: ஈ.கோலை என்ற பாக்டீரியா. லேபில் கிருமி வளர்த்த தட்டையும் காட்டினார்கள். படர்ந்த கிருமிக்கு நடுவே மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டத் தாள்கள். அமாக்சிசிலின் தாளை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. வேறு இரண்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் எந்த மருந்து கேட்கும் என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டில் ஒன்றை டாக்டர் கொடுத்தார்.

ஒன்று முக்கியம்: ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாதிரி எடுத்தால், கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். என்ன மருந்து, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு கல்ச்சர் எடுத்தோம். எதுவும் வளரவில்லை. இப்போது ஒரே தடவையில் போய்விட்டு வாலாட்டிக்கொண்டே உள்ளே ஓடி வருகிறாள்.