மீல்வார்ம் வளர்ப்பு: பெட்டியைக் காலி செய்யும் தவறுகள்

பல்லி, பல்லி வகைகளான கெக்கோ, பியர்டட் டிராகன் வளர்ப்பவர்கள் தீனிக்காக வீட்டிலேயே மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவை வளர்க்கலாம். ஒரு பெட்டி, கொஞ்சம் கோதுமைத் தவிடு, ஒரு துண்டு கேரட் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனாலும் பலருடைய பெட்டி சில மாதங்களில் நாற்றமெடுக்கிறது, அல்லது வண்டுகள் செத்து வெறும் தூசி மிஞ்சுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கவனிப்பு கூடிப்போவதுதான். தேவைக்கு மேல் ஈரம் கொடுப்பார்கள், அடிக்கடி கிளறிச் சுத்தம் செய்வார்கள், இனம் பெருகுவதற்குள் எடுத்துத் தீனி போட்டுவிடுவார்கள்.

டெனிப்ரியோ மோலிட்டர் என்ற வண்டின் புழுப்பருவம்தான் மீல்வார்ம். முட்டை பொரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். புழு பலமுறை தோலுரித்து வளர்ந்து முடிக்க இரண்டு மூன்று மாதம், குளிர்ச்சியான இடமென்றால் அதற்கும் மேலே. கூட்டுப்புழுவாக ஒன்று முதல் மூன்று வாரம் இருந்து, பிறகு வண்டாக இரண்டு மூன்று மாதம் வாழும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். ஆக, இன்று வாங்கி விட்ட புழுவின் பிள்ளைகள் தீனிக்கு ஆக நான்கைந்து மாதம் பிடிக்கும். இந்தக் கணக்கை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதி அவசரம் போய்விடும்.

ஈரம்

எதையாவது ஒன்றை மட்டும் சரியாகச் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். சேமித்த தானியத்திலேயே வாழப் பழகிய பூச்சி இது. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். காய்த் துண்டில் இருக்கும் ஈரமே அதற்குத் தண்ணீர். கேரட் நல்லது, உருளைக்கிழங்கும் பரவாயில்லை. வெள்ளரி, தக்காளி, கழுவிய கையோடு போட்ட கீரை எல்லாம் தவிட்டை நனைத்துவிடும். நனைந்த தவிடு கட்டிபிடிக்கும், அப்புறம் பூஞ்சை வரும்.

காயை வெட்டி, வெட்டுப்பக்கம் கொஞ்சம் உலர்ந்த பிறகு, தவிட்டின் மேலாக வையுங்கள். உள்ளே புதைக்கக் கூடாது. அடியில் ஒரு சின்னக் காகிதமோ மூடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும், மிஞ்சியதை இரண்டாம் நாள் எடுத்துவிட வேண்டும். மூடியின் உட்புறம் நீர்த்துளி தெரிந்தாலோ, தவிடு விரலில் ஒட்டினாலோ ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

பயந்துபோய் ஈரத்தை அறவே நிறுத்துவதும் தவறுதான். காய் இல்லாமல் புழு சாகாமல் இருக்கும், ஆனால் வளர்ச்சி மந்தமாகும். தாகத்தில் இருக்கும் புழுக்களும் வண்டுகளும் அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுக்களைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும்.

ஈரம் மிஞ்சினால் பூஞ்சையோடு மைட் என்ற மிகச் சிறிய உண்ணியினமும் வரும். பெட்டியின் ஓரத்திலும் மூடியிலும் வெளிர்பழுப்புத் தூசி படிந்தமாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நகரும். தானியத்தில் வரும் மைட்டை நசுக்கினால் புதினா போன்ற வாசனை வரும், அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம். கண்டவுடன் காயையெல்லாம் எடுத்துவிட்டு, புழுக்களைச் சலித்துப் பிரித்து, பழைய தவிட்டைக் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். பெட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்து, புதுத் தவிட்டில் சில நாள் காயே இல்லாமல் விடுங்கள். மைட்டுக்கு வறட்சி ஆகாது, மீல்வார்ம் தாங்கிக்கொள்ளும்.

மைட், அந்துப்பூச்சி முட்டை எல்லாம் பல நேரம் புதுத் தவிட்டோடுதான் வருகின்றன. அதனால் தவிட்டை வாங்கியதும் காற்றுப்புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுங்கள். வெளியே எடுத்த உடனே பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தவிட்டின் மேல் காற்றின் ஈரம் வந்து படியும், எந்தப் பிரச்சினைக்காக இவ்வளவும் செய்தோமோ அதுவே திரும்ப வந்துவிடும். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

வாங்கும்போதே

"ஜெயன்ட்" என்று விற்கப்படும் பெரிய மீல்வார்ம்கள் பெரும்பாலும் புழுப்பருவத்திலேயே நிறுத்திவைக்கும் ஜுவனைல் ஹார்மோன் கொடுத்து வளர்த்தவை. கூட்டுப்புழுவாகாமல் புழுவாகவே பெருத்துக்கொண்டு போகும். தீனிக்குப் போடலாம், இனப்பெருக்கத்துக்கு ஆகாது. மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறாமல், சாதாரண மீல்வார்மாகக் கேட்டு வாங்குங்கள்.

சூப்பர்வார்ம் என்பது வேறு வண்டின் புழு. கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாகாது, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிமிழில் போட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வளர்க்க முடியாது.

பெட்டி

வழவழப்பான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிச் சுவரில் புழுவாலும் வண்டாலும் ஏற முடியாது. மூலையில் ஒட்டிய டேப்போ, சுவரில் சாய்ந்து நிற்கும் அட்டையோ ஏணியாகிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் பெரிதாக வெட்டி மெல்லிய உலோக வலை ஒட்டுங்கள். நாலைந்து ஊசித்துளை போதாது. துணி வலை வேண்டாம், கடித்துவிடும்.

தெர்மாகோல் பெட்டியில் வைக்காதீர்கள். மீல்வார்ம் தெர்மாகோலைத் தின்னும் என்பது 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. புழு பெட்டியையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைவிட, பிளாஸ்டிக் தின்ற புழுவை நம் பிராணிக்குக் கொடுப்பதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆழமான பெட்டியைவிட அகலமான பெட்டி நல்லது. தவிடு 3 முதல் 5 செ.மீ. உயரம் இருந்தால் போதும். புழுக்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் உடல்சூட்டாலேயே நடுப்பகுதி அறையைவிடச் சூடாகும். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இவற்றுக்கு ஏற்ற சூடு. 30-ஐத் தாண்டப்போகும் நாட்களில் கூட்டத்தை இரண்டு பெட்டியாகப் பிரித்துவிடுங்கள். வளர்ந்த புழுவை ஃப்ரிட்ஜில் வைத்து வளர்ச்சியைத் தள்ளிப்போடலாம். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துச் சில மணி நேரம் காய் கொடுக்க வேண்டும். ஆனால் முட்டையும் வண்டும் உள்ள பெட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் இனப்பெருக்கம் நின்றுவிடும்.

தூசியைக் கொட்டிவிடுவது

பெட்டியின் அடியில் மணல்போலச் சேர்வது புழுவின் எச்சம். "அசுத்தமாக இருக்கிறதே" என்று அதைச் சலித்துக் கொட்டுபவர்கள், அடுத்த தலைமுறையை அப்படியே குப்பையில் போடுகிறார்கள். முட்டை 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, மேலே பசை இருப்பதால் தவிட்டுத்தூள் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. பொரிந்த குஞ்சும் நூலிழை மாதிரிதான் இருக்கும். வண்டு முட்டையிட்ட தவிட்டில் முதல் சில வாரம் எதுவுமே இல்லாததுபோலத் தோன்றும். ஒரு சின்னக் குவியலை வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். குவியல் தானாகச் சரிந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. புழு ஒரு செ.மீ.க்கு மேல் வளரும்வரை அந்தப் பெட்டியில் சல்லடையை வைக்காதீர்கள்.

வண்டுகளை அதே பெட்டியில் விட்டுவைப்பதும் இதே அளவு நஷ்டம். தாங்கள் இட்ட முட்டைகளைத் தாங்களே தின்றுவிடும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டுகளை மட்டும் புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள், பழைய தவிட்டை மேலே தேதி எழுதித் தனியாக வையுங்கள். இப்படிச் செய்தால் ஒரே வயதுப் புழுக்கள் ஒரே பெட்டியில் வளரும், எப்போது எதை எடுக்கலாம் என்ற குழப்பமும் இருக்காது.

கூட்டுப்புழுவால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. வாரம் இரண்டுமுறை பொறுக்கி எடுத்து, காகிதம் விரித்த தனிப்பெட்டியில் போடுங்கள். அதற்குத் தீனி தேவையில்லை. தொட்டால் வால் பக்கம் நெளியும். கறுத்துப்போய் அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது, எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் வண்டு முதலில் வெளுத்து இருக்கும், பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். வெளுத்திருப்பது நோய் என்று நினைத்து வீசாதீர்கள். தோலுரித்த புழுவும் சில மணி நேரம் இப்படித்தான் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். ஓடு மென்மையாக இருப்பதால் பல்லிக்குக் கொடுக்க அதைவிட நல்ல புழு கிடையாது.

எச்சத்தைச் சலிக்கும்போது முகக்கவசம் அணியுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தத் தூசி ஒவ்வாமையைக் கிளப்பும். இறால், வீட்டுத்தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தும்மலும் கண் அரிப்பும் திரும்பத் திரும்ப வந்தால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெரிதை மட்டும் எடுப்பது

கைக்கு முதலில் கிடைப்பது கொழுத்த புழுதான், எனவே அதையே எடுத்துத் தீனி போடத் தோன்றும். கொழுத்ததெல்லாம் பல்லியின் வயிற்றுக்குப் போனால், வண்டாவதற்கு மிஞ்சுவது சோனிப் புழுக்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நன்கு வளர்ந்த புழுக்களில் ஒரு பங்கை இனப்பெருக்கத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். முதல் தலைமுறையை முடிந்தவரை தொடாமல் விட்டு, அதுவரை தீனியை வெளியே வாங்கிக்கொள்வது நல்லது.

புழு தின்பதுதான் பல்லிக்கும் போகும்

வெறும் தவிட்டில் வளர்ந்த புழுவை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பிராணியின் உடம்பில் போய் விடியும் தவறு. மீல்வார்மில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதமும் 13 சதவீதம் கொழுப்பும் இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போலப் பல மடங்கு. ஊர்வனவற்றுக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்க வேண்டும். நாளாவட்டத்தில் எலும்பு மெலிந்து, தாடை மென்மையாகி, கால் வளைந்து, நடுக்கம் வரும். வளரும் குட்டிகளுக்கு இது சீக்கிரம் வரும்.

தீனி போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, தேவையான புழுக்களை மட்டும் பிரித்து, கால்சியம் கூடிய தீவனமும் கரும்பச்சைக் கீரையும் கொடுங்கள். இந்தத் தீவனத்தை இனப்பெருக்கப் பெட்டியில் போடாதீர்கள், அதிகக் கால்சியத்தில் நாள்கணக்கில் இருந்தால் புழுக்கள் சாகும். கொடுக்கும் நேரத்தில் கால்சியம் பொடியைத் தூவிக் குலுக்குங்கள். புழுவின் உடம்பு வழவழப்பு, பொடி சீக்கிரம் உதிர்ந்துவிடும், அதனால் உடனே வைக்க வேண்டும்.

கொழுப்பும் ஓடும் அதிகம் என்பதால் பியர்டட் டிராகன் குட்டிகளுக்கு இதையே முக்கியத் தீனியாகக் கொடுக்க வேண்டாம். பச்சை இகுவானாபோல இலை தின்னும் பிராணிக்கு இது தேவையே இல்லை. பிராணியின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பருமனான புழுவைக் கொடுக்கக் கூடாது.

பூச்சிமருந்து படிந்த காயோ தவிடோ புழுக்களையும் கொல்லும், பிராணிக்கும் ஆபத்து. காயைக் கழுவி, தோல் சீவிப் போடுங்கள். மருந்து கலந்த கோழிக்குஞ்சுத் தீவனத்தையும் தவிர்த்துவிடுங்கள். தவிட்டை எலி தொடாத டப்பாவில் வையுங்கள். எலியின் நாடாப்புழு முட்டை மீல்வார்முக்குள் போய் வளரக்கூடியது.

புழு உயிரோடு விழுங்கப்பட்டால் வயிற்றைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அப்படி நடப்பதில்லை, தலையை நசுக்கிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. தின்னாமல் விட்ட புழுதான் தொந்தரவு. அது கூண்டின் மண்ணுக்குள் ஒளிந்து, இரவில் தூங்கும் பிராணியைக் கடிக்கலாம். வழவழப்பான கிண்ணத்தில் வைத்து, தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிராணியின் எச்சத்தில் செரிக்காத புழு முழுதாகத் தெரிந்தால் முதலில் கூண்டின் சூட்டைப் பாருங்கள், ஏனென்றால் ஊர்வனவற்றின் செரிமானம் வெளிச்சூட்டை நம்பித்தான் நடக்கிறது. சூடு சரியாக இருந்தும் அது தொடர்ந்தால், புழுவை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.