வீட்டு கிளவுட் சர்வர்: கரண்ட் குறைவாகவும் வேகம் கூடுதலாகவும் உள்ள கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருள் வழியாக வீட்டிலேயே சேமித்து, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் திறந்து பார்க்கும்படி வைக்க விரும்புவோர் குமரி மாவட்டத்தில் உண்டு. அதற்கெனப் புதிய கருவி வாங்குமுன், கீழே உள்ள வரிசையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: மின்செலவு

சர்வர் இரவு பகலாக ஓடுவதாலும், அந்நேரத்தின் பெரும்பகுதியில் வேலையின்றி இருப்பதாலும், சும்மா இருக்கும்போது அது எடுக்கும் வாட் அளவுதான் கணக்கு. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இதைக் காட்டிவிடும். 80 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் 60 நாட்களில் 115 யூனிட் எடுக்கும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் அதற்கே போதாது. 10 வாட் கருவிக்கு அதே காலத்தில் 14 யூனிட்தான் ஆகும்.

படி 2: நெட்வொர்க்

வேகம் என்றதும் பலரும் ப்ராசஸரைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் தடை அங்கே இருப்பதில்லை. ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியின் 3-ஆம் பதிப்பின் முதல் மாடலில் ஈதர்நெட் (கேபிள் வழி நெட்வொர்க்) வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் மட்டுமே என்பதால், 1 ஜிபி வீடியோவை ஏற்ற ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். ஜிகாபிட் (1000 மெகாபிட்) வேகம் உள்ள பை 4-இல், டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், பத்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

கேபிளையும் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு கனெக்டரின் ஒரு பின் பச்சை பூத்துவிட்டாலே, இணைப்பு அறுபடாமல், வேகம் மட்டும் 100-க்கு இறங்கி நிற்கக்கூடும். ஆகவே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பார்த்து, 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

படி 3: சேமிப்பு

மெமரி கார்டில் இயங்குதளத்தையும் டேட்டாபேஸையும் வைக்காதீர்கள். சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் எழுதும் வேலையில் அது மந்தமாவதோடு, நாளடைவில் தேய்ந்தும் போகும். அவை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருக்கட்டும். படங்கள் பெருகினால் அவற்றை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் வைக்கலாம்.

படி 4: ப்ராசஸர்

பை 4-இல் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான (பிறர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் முறை) வன்பொருள் வசதி இல்லை. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்தால் அந்தக் குறை தெரியும். 2023-இல் வந்த பை 5-இல் அது உண்டு. ஆனால் வீடியோவை மாற்றியமைக்கும் வன்பொருள் என்கோடர் பை 5-இல் நீக்கப்பட்டுவிட்டது. பை 5-க்கு எஸ்எஸ்டி பலகை, விசிறி, பெட்டி, தனி அடாப்டர் என ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது விலையும் ஏறிக்கொண்டே போகும். அதே 2023-இல் வந்த இன்டெல் என்100 உள்ள மினி பிசி, 6 வாட் வகை நான்கு கோர் ப்ராசஸரோடு, வீடியோ வேலையையும் தாங்கும். புதிதாக வாங்குவோருக்கு என் தேர்வு இதுவே. 8 ஜிபி ரேம் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

செலவைக் குறைக்க வேண்டுமானால், அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் எட்டாம் தலைமுறை இன்டெல் உள்ள லெனோவோ டைனி, டெல் மைக்ரோ போன்ற சிறிய கணினிகளும் நல்லவை. அடாப்டரோடு சேர்த்து வாங்கி, விசிறிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

படி 5: மழையும் மின்னலும்

இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஃபைபர் கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. மோடத்தின் அடாப்டர் வழியாகவும், மொட்டைமாடி கேமராவிலிருந்து இறங்கும் செம்புக் கேபிள் வழியாகவும் அது சர்வரின் போர்ட் வரை வரக்கூடும். இடி தொடங்கினால் சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டு அதன் மின் கேபிள், நெட்வொர்க் கேபிள் இரண்டையும் கழற்றி வையுங்கள். திடீர் மின்தடையில் டேட்டாபேஸ் கெடாதிருக்க யுபிஎஸ் அவசியம். 12 வோல்ட் மினி பிசியாக இருந்தால், ரூட்டருக்கு வைக்கும் சிறிய டிசி யுபிஎஸ்ஸே போதுமா என்பதை அடாப்டரில் அச்சிட்டுள்ள ஆம்பியரோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.