‘தைரியமா இரு’ என்றால் போதாது: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நாட்களுக்கு டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்க டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தைரியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே சொந்தபந்தம் வீடு நிறைய வந்துவிடும். கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றிய மூன்றாம் நாள் ராத்திரி குமட்டும்போது அந்த ஆறுதல் கைகொடுக்காது. எந்த மாத்திரையை எப்போது போடுவது, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருந்தால்தான் பயம் குறையும்.

‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணத்தைத் தன்திறன் நம்பிக்கை என்பார்கள். அது நான்கு வழிகளில் வரும் என்று 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா எழுதினார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, நம்பத்தக்கவர் சொன்னது, தன் உடம்பில் நடப்பதைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. நம் வீடுகளில் அதிகம் நடப்பது மூன்றாவது.

ஆகவே, சிறிதாகத் தொடங்குங்கள். “தினமும் நடப்பேன்” என்பது வேலைக்கு ஆகாது. “திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், தெருமுனை வரை போய் வருவேன், பத்து நிமிடம்” என்று எழுதுங்கள். இதை முடிப்பேன் என்பதற்கு 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? 7-க்குக் கீழே வந்தால் வேலையைச் சுருக்குங்கள். பத்து நிமிடத்தை ஐந்தாக்கலாம், தெருமுனைக்குப் பதில் வாசல் கேட் வரை போகலாம். பெரிதாகத் திட்டமிட்டு இரண்டாம் நாளே படுத்துவிட்டால் ‘என்னால் முடியாது’ என்ற பாடத்தைத்தான் மனசு கற்கும். சோர்வைக் குறைக்க நடை உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் என்பது போகவேண்டிய இடம், முதல் வாரத்திலேயே எட்டவேண்டியதில்லை.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஏற்றிய நாளை ‘நாள் 1’ என்று போட்டு, தினம் ஒரு வரி எழுதுங்கள்: காய்ச்சல், குமட்டல், மலம், தூக்கம், மனசு. இரண்டாம் சுற்றில் அந்த நோட்டே வழிகாட்டும். குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அதைக் காலையில் போட்டால் ராத்திரித் தூக்கம் கெடுவது குறையும் (நேரத்தை மாற்றுமுன் நர்ஸிடம் கேளுங்கள்). அது நின்றதும், சுமார் நான்காம் ஐந்தாம் நாளில், சிலருக்கு உடம்பு தொய்ந்து காரணமில்லாமல் அழுகை வரும். ‘நான் உடைந்துபோனேன்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். மருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். ‘நாள் 5, அழுகை, நாள் 7-இல் சரி’ என்று ஒருமுறை எழுதிவைத்தால் அடுத்த சுற்றில் அது மிரட்டாது. சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின்) ஏற்றியவருக்கு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவந்து போவதும் இப்படித்தான், அது ரத்தமில்லை.

குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். எழுதிக்கொடுத்த நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் போடுங்கள். குமட்டலுக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். அந்தக் கஷ்டத்தில் பலர் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள், வாந்தி திரும்பிவிடும். மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்குவது நல்லது.

காய்ச்சல்தான் விளையாடக் கூடாத விஷயம். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் உபரி பேட்டரியும் வீட்டில் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால், நடுராத்திரியானாலும், உடனே கிளம்ப வேண்டும். முதலில் பனாடோ (பாராசிட்டமால்) போட்டுப் பார்ப்பது பெரிய தவறு; சூடு இறங்கும், கிருமி இறங்காது. அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல் போனவுடன் சொல்லவேண்டியது: “கீமோ எடுக்கிறேன், இன்று ஒன்பதாம் நாள், காய்ச்சல் 38.4.” இதையே ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் ஓர் அட்டையில் எழுதி, மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, மருத்துவமனை ஃபைல் எண் எல்லாம் சேர்த்துப் பையில் வையுங்கள். ஆயாவுக்கு (பாட்டிக்கு) ஆங்கிலம் வராவிட்டாலும் அட்டை பேசும். பேரப்பிள்ளையை வைத்து ஒருதரம் ஒத்திகை பாருங்கள்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, எட்டில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்புங்கள். கரம் மசாலாவும் ஊறுகாயும் அந்த வாரம் ஓய்வெடுக்கட்டும். வாயில் உலோக ருசி தட்டினால் பிளாஸ்டிக் கரண்டி உதவும். பருப்பு, நன்கு வெந்த முட்டை, சுகர் பீன்ஸ், கடையில் வாங்கிய அமாசி (புளித்த பால்) எல்லாம் புரதத்துக்கு நல்லவை. சமையலில் போடும் மஞ்சளால் பயமில்லை. மஞ்சள் மாத்திரை, ‘இம்யூன் பூஸ்டர்’ வகைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கோயில் விஷயத்தை மருத்துவர் கேட்கமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். அதனால் இங்கே விரிவாகவே. புரட்டாசி விரதத்தில் மரக்கறி மட்டும் சாப்பிடுவதில் குறையில்லை, புரதம் போதுமானதாக இருந்தால். பட்டினி கிடப்பது கீமோ வாரத்தில் வேண்டாம். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குப் போக ஆசையா? நோட்டைப் பாருங்கள்: வெள்ளையணு எண்ணிக்கை குறைந்த வாரமென்றால் வீட்டில் விளக்கேற்றுங்கள், மூன்றாம் வாரமென்றால் கூட்டம் சேருமுன் போய் வாருங்கள். காவடிக்கு அலகு குத்துவதும் தீமிதிப்பதும் சிகிச்சை முடியும்வரை கூடாது. குத்திய இடம் கிருமிக்கு வாசல். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்குப் பாதம் மரத்திருக்கலாம், சுடுவதே தெரியாது. நேர்த்திக்கடன் பொய்த்துவிடுமோ என்ற உறுத்தல் இருந்தால் பூசாரியிடம் பேசித் தள்ளிவைக்கவோ, பால்குடத்தை மகனோ மகளோ எடுக்கவோ கேட்கலாம். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று சொல்லும் உறவினரை மட்டும் கொஞ்சநாள் வாசலோடு அனுப்பிவிடுவது உத்தமம். நோய் தண்டனையில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் ஆபத்து.

அறுவைக்குப் பின் கைப்பயிற்சியில் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். இழுக்கும் இடத்தில் ஐந்து விநாடி நின்று இறங்குங்கள். ஐந்து முறை, காலை மாலை. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வடிகுழாய் இருக்கும்வரை தோளுக்கு மேல் தூக்கவேண்டாம். பொதுவாக அதில் வடியும் நீர் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் குழாயை எடுப்பார்கள். அக்குளில் கயிறு போல ஏதாவது இழுத்தால் பயந்து கையை மடக்கி வைக்காதீர்கள், தோள் இறுகிவிடும். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

இதே வழியில் போய் வந்த ஒருவரைப் பார்ப்பது பத்துப் புத்திமதிக்குச் சமம். ரீச் ஃபார் ரெக்கவரி அமைப்பில் மார்பகப் புற்றுநோயைக் கடந்த பெண்களே வந்து பேசுவார்கள். கான்சா என்ற புற்றுநோய்ச் சங்கத்தின் 0800 22 66 22 எண்ணில் விசாரிக்கலாம். வேலைக்குப் போகமுடியாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இழுக்கும் என்றால் சாஸா என்ற அரசு உதவித்தொகை நிறுவனத்தின் தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று சமூகநலப் பணியாளரிடம் கேளுங்கள். டாக்ஸிக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றிய கவலையும் மனக்கவலைதான்.

பயம் ராத்திரியில் கூடினால், நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். மருத்துவமனை வாசனைக்கே குமட்டுகிறவர்களுக்கும் இது கைகொடுக்கும். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, சாகலாம் என்று தோன்றினாலோ மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567-க்குப் பேசுங்கள்.

கதிர்வீச்சில் அந்த இடத்தில் பவுடர், சந்தனம், விபூதி எதுவும் பூசக்கூடாது. எல்லாம் முடிந்து டமாக்ஸிஃபென் (ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை) மட்டும் மிஞ்சும்போது, மருத்துவமனைக்குப் போவது குறைந்து, பலருக்கு அப்போதுதான் பயம் தலைதூக்கும். மாத்திரை குறைந்தது ஐந்து வருடம். அது தரும் உடம்புச் சூடு தாங்காமல் சொல்லாமலே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த தேதிக்குப் போகும்போது நோட்டில் மூன்றே கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி, இந்தச் சூட்டுக்கு என்ன செய்யலாம் என்பதாக இருக்கட்டும்.