கொல்கத்தாவில் தனியாக இரண்டு நாள்: கிழமை பார்க்காமல் கிளம்பாதீர்கள்

கொல்கத்தாவின் மார்பிள் பேலஸ் வாசலில் நான் முதன்முறை போய் நின்றது ஒரு வியாழக்கிழமை. கம்பிக் கதவுக்கு அப்பால் உயரமான தூண்களும் புல்வெளியும் சிலைகளும் தெரிந்தன. கதவு மட்டும் திறக்கவில்லை. திங்களும் வியாழனும் விடுமுறை என்றார் காவலாளி. பிறகு, “நாளைக்கு வந்தாலும் பாஸ் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். அதுவும் இல்லை. 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய அந்த மாளிகை இன்றும் அவர் குடும்பத்தாரின் வீடு. சுற்றுலாத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போவதுதான் நெடுநாள் வழக்கம்.

கூட ஒருவர் வந்திருந்தால், “இன்று திறந்திருக்குமா?” என்று ஒருமுறையாவது கேட்டிருப்பார். தனியாகப் போகிறவருக்கு அப்படிக் குறுக்கே கேட்க ஆள் கிடையாது. தப்பைக் கண்டுபிடிக்க வாசல்வரை போக வேண்டியிருக்கிறது.

இந்த ஊரின் விசித்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நாள்கணக்கு உண்டு. வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து இடங்களைச் சேர்த்துத் திட்டம் போடுகிறார்கள். இங்கே அது உதவாது. கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். 1884இல் கட்டிய மகேன் டேவிட் யூத ஆலயத்துக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். இந்தியன் மியூசியத்தில் கிடக்கும் எகிப்திய மம்மியைப் பார்க்க நினைத்தால் திங்கள் கூடாது. ஆகவே சனிக்கிழமை புத்தகம், மியூசியம், மார்பிள் பேலஸ். ஞாயிறு யூத ஆலயம். இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும்.

ஞாயிறு காலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போத்தார் கோர்ட் அருகே திரெட்டா பஜாரில், இங்கேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பத்தினர் விடிகாலையில் நடைபாதையிலேயே சிற்றுண்டி விற்பார்கள். ஆவி பறக்கும் மோமோ, மீன் உருண்டை சூப், பன்றியிறைச்சி பன். ஆறு மணிக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மெட்ரோவில் போய்விடலாம் என்று படுத்துத் தூங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. ஞாயிறன்று மெட்ரோ தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். சாந்தினி சௌக், சென்ட்ரல் பக்கம் அறை எடுத்தால் நடந்தே போகலாம். சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தால் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லியை மாலை மாலையாகக் கோத்து, ஒரு மனிதன் முழுதாக மறையும் அளவுக்குத் தலையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் நின்று படம் எடுத்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள், தப்பு நம் பேரில்தான். பாலத்தின் தூக்குக் கம்பங்களுடைய அடிப்பகுதியையும் பாருங்கள். வெற்றிலை எச்சில் இரும்பை அரிக்கிறது என்று அவற்றுக்குக் கண்ணாடியிழை உறை போட்டார்கள்.

பொழுதுக் கணக்கிலும் தமிழ்நாட்டுக்காரர் ஏமாறுவார். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னை நினைப்பில் நாலரை மணிக்குச் சௌத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினால் இருட்டும் கொசுவும்தான் மிச்சம். காலையில் போங்கள். 1767இல் திறந்த தோட்டம் அது. பாசி படிந்த பிரமிடுகள், கூம்புகள், குவிமாடங்கள் எல்லாம் ஆங்கிலேயச் சமாதிகள். அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் இந்துக் கோயில் வடிவில் நிற்கும். 1828இல் இறந்த சார்லஸ் ஸ்டூவர்ட்டுடையது. கும்பினிப் படை அதிகாரியாக இருந்துகொண்டே தினமும் கங்கையில் குளித்து விக்கிரக பூசை செய்ததால் ‘இந்து ஸ்டூவர்ட்’ என்றே பெயர் வாங்கியவர். அந்தச் சமாதி இருப்பது தெரியாமல், மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் சமாதியான நெடிய தூணைப் படமெடுத்துக்கொண்டு வெளியேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டத் தோன்றும்.

பட்டியலை நீட்டாதீர்கள். குறிப்பாக, ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தை ‘போகிற வழியில்’ பார்க்க முடியாது. பூஞ்சை தாக்கியதால் 1925இல் அடிமரத்தையே வெட்டி எடுத்த பிறகும் விழுதுகளின் மேல் காடாகப் பரந்து நிற்கும் அதிசயம் அது, சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் அரை நாளை விழுங்கிவிடும். டிராமையும் போக்குவரத்தாக எண்ண வேண்டாம். 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கிய வண்டியில் இன்று மிஞ்சியது மிகக் கொஞ்சம். ஓடினால் ஏறுங்கள், ஓர் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர அதை நம்பாதீர்கள். ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். சென்னையிலிருந்து போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுரா நிலையத்துக்கு அல்ல, ஷாலிமார் என்ற வேறு நிலையத்துக்குப் போகிறது.

களிமண் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலிக்குத் துர்கா பூசை நாட்களில் போவது இன்னொரு ஏமாற்றம். சிலைகள் எல்லாம் பந்தலுக்குப் போயிருக்கும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு போனால், மூங்கிலிலும் வைக்கோலிலும் கட்டிய தலையில்லாத உடல்கள் சந்தின் இருபுறமும் சாய்ந்து நிற்கும். மேலே களிமண் பூசிக்கொண்டிருப்பார்கள். தலை வேறிடத்தில் அச்சில் வார்த்துக் காயும். விரல்களைத் தனியே பிடித்து ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார் ஒருவர், வெண்டைக்காய் காயவைத்தது போல. கேட்காமல் காமிராவைத் தூக்கினால் முகம் சுளிப்பார்கள். “தாதா, எடுக்கலாமா?” என்று கேளுங்கள். நம் ஊரில் தாதா என்றால் ரவுடி, அங்கே அண்ணன். எனக்கு அந்தச் சொல் வாயில் வர ஒரு நாள் ஆயிற்று.

சாப்பாட்டு விஷயத்தில், ஒற்றை ஆளாகப் பெரிய ஹோட்டலுக்குப் போய் ஒரு பிளேட்டோடு மல்லாடுவதும், தென்னிந்தியர் நிறைந்த லேக் மார்க்கெட்டில் இட்லி தேடுவதும் இரண்டு நாள் பயணத்தில் வீண். தனி ஆளுக்கென்றே அமைந்தது பழைய ‘பைஸ் ஹோட்டல்’. கல்லூரித் தெருப் பக்கம் சுவாதீன் பாரத் இந்து ஹோட்டல் அப்படி ஒன்று. மேசையில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும், எதிரே யார் என்று பார்க்கக் கூடாது. சோறு, பருப்பு, மீன் குழம்பு, எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. இத்தகைய கடைகளில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடக் கணக்கு உண்டு. நான் இலைக்குக் காசா என்று திகைத்து நின்றபோது, எதிரே மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, “வேண்டாமென்றால் தட்டில் சாப்பிடலாமே” என்றார்.